காது கொடுத்த ஆணையம்

மின்கட்டணத்தை நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வகுத்த முறையாதலால், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அதாவது அக்கட்டணத்தை முடிவு செய்யும் அமைப்பு, 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் கூட்டம் நடத்திக் காது கொடுத்தது. செப்டம்பர் 10ஆம் தேதியே உயர்ந்த கட்டணம் நடைமுறைக்கு வந்துவிட்டபடியால், கேட்ட வேகத்தைக் குறைசொல்ல எவருக்கும் இடமில்லை. பொதுவாக இத்தகைய கூட்டங்களில் ஆற்றல் மாற்றம், அதாவது நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறுதல், பற்றிப் பேச எழுபவர் மைக்கை இருமுறை தட்டிப் பார்த்து, மேடையிலுள்ளோரை ஒவ்வொருவராக விளித்து முடிப்பதற்குள் அவருக்குரிய நேரம் தீர்ந்துவிடும்.

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி (ஏட்டிலுள்ளபடி நடந்தால்) பக்கத்து வீட்டு நிழலையும் குறைத்துவிடுகிறது. ஆயினும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டுக்காரர், 3 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு ஒன்றிய அரசு தரும் 78,000 ரூபாய் மானியத்தைக் கேட்டுத் தலையசைத்து, மீதிச் செலவைக் கேட்டதும் மொட்டை மாடியை வடகத்துக்கே விட்டுவிடுகிறார்.