ஒரு தெரிந்த ஆள்

சென்ற சனிக்கிழமை, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் தொழில் ஆயத்தத்துக்குப் பெற்றோர் எவ்வகையில் துணைபுரியலாம் என்பது பற்றிக் கண்டி நகரத்து மண்டபம் ஒன்றில் நடைபெற்ற கருத்தரங்குக்குப் போய், இரண்டரை மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்திருந்து, இரண்டு மாரி பிஸ்கட்டும் ஆறிப்போன தேநீரும் பெற்று, பேராதனைக்குத் திரும்பும் ஆறு கிலோமீற்றரை பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே கடந்தவன் நான். ஆதலால் இக்கட்டுரையில் தென்படும் கோபம் இன்னும் சூடு ஆறாத கோபம் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே சொல்லப்பட்ட யோசனைகளுள் மூன்றாவது யோசனை மட்டும் மெய்யாகவே உபயோகமானது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலாவதைக் கடந்தல்லவா மூன்றாவதுக்கு வர வேண்டும்!

கழுத்துப் பட்டியை மூச்சு முட்ட இறுக்கியிருந்த ஓர் இளைஞர், என் மகளைவிட நான்கு வயதுக்கு மேல் மூத்திருக்க மாட்டார், திரையில் ஒரு சிலந்தி வலையைக் காட்டி, “பெற்றோர்களே, உங்கள் தொடர்புகளை விருத்தி செய்யுங்கள்” என்று உபதேசித்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவரைப் பார்த்துச் சபையே சிரித்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை, தகப்பன்மார் எல்லோரும் சிரத்தையோடு குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

தொடர்புகளாம்! பிள்ளை உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுக்கப்போகிறது என்று தெரியுமுன்பே, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையில் நமக்கு முன்னே நிற்பவரின் மருமகன் எந்தத் திணைக்களத்தில் இருக்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளும் நமக்கா இந்த உபதேசம்? தெரிந்த ஆள் என்ற மகோன்னதமான ஸ்தானத்தை எய்துவதற்கு ஒருவர் நமக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற நியதிகூட இல்லை; நமக்குத் தெரிந்த ஒருவரைத் தமக்குத் தெரியும் என்று எப்போதோ ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் வெற்றிலைக்கும் இடைப்பட்ட வேளையில் பிரஸ்தாபித்தவராக இருந்தாலே போதும், அவருடைய தொலைபேசி இலக்கம் நம் டயறியின் கடைசிப் பக்கத்தில் ஏறிவிடும். தெரிந்த ஆட்களில் கொழும்பில் இருக்கும் ஆள் உத்தமம், கண்டியில் இருக்கும் ஆள் மத்திமம், கனடாவில் இருக்கும் ஆள் வருஷப் பிறப்புக்கு மட்டும் உதவுவார். மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆளைவிட அறைக்கு வெளியே ஸ்டூலில் இருக்கும் ஆளே சக்தி வாய்ந்தவர் என்பது முப்பது வருஷம் இலிகிதனாக உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் நான் கண்ட தத்துவம். ஓய்வுபெற்ற ஆள் என்றொரு தனி ஜாதியும் உண்டு. அவர் ஒரு காரியமும் செய்ய மாட்டார், ஆனால் செய்யக்கூடியவர்களை எல்லாம் பெயர் சொல்லி ‘அவன் இவன்’ என்று பேசுவார், அந்த ஏகவசனத்தைக் கேட்கும்போதே நமக்கு நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டதுபோல் ஓர் ஆனந்தம் உண்டாகும்.

அப்படிப்பட்ட ஒருவரைக் காணத்தான், ஒரு கிலோ சிவப்பு மஸ்கட்டும் கையுமாக, மகளையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். விறாந்தையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நாய் மட்டும் இரண்டு தடவை வந்து எங்களை விசாரித்துவிட்டுப் போயிற்று. பிறகு சாரத்தை மடித்துக்கட்டியபடி பெரியவர் எழுந்தருளினார்.

“மகள் எதில படிக்கிறா?”

“பேராதனையில சார். மூன்றாம் வருஷம், புவியியல்.”

“ஓ... ஆர்ட்ஸா” என்றார் அவர்.

அந்த ‘ஓ’வுக்கும் ‘ஆர்ட்ஸா’வுக்கும் இடையே சுவர்க் கடிகாரம் ஐந்தாறு தடவை துடித்ததை நான் கேட்டேன். மண்சரிவு அபாயம் உள்ள மலைச்சரிவுகளைக் கணினியில் வலயம் வலயமாக வரைபடமாக்கும் வித்தையை அவள் கற்கிறாள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் அதுவே ஒரு பெரும் பணி. மழைக்காலத்தில் மலைநாட்டில் நித்திரை கொள்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். இதையெல்லாம் அவள் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, “ஏதோ மெப் கீறுற படிப்பு சார், டீச்சிங்கும் செய்யலாம்” என்றேன். வீடு வரும்வரை மகள் என்னோடு பேசவில்லை.

“சீ.வீ. ஒன்னு குடுத்துட்டுப் போங்க, பார்ப்போம்” என்றார் பெரியவர். கொழும்பு வீதியில் நாற்பது பிரதி எடுத்து உறையிலிட்டுத் தயாராக வைத்திருந்தேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் பெற்ற 163 புள்ளிகளை அந்த சீ.வீ.யில் நான் சேர்த்தேன், அவள் நீக்கினாள், அவள் குளிக்கப் போன சமயம் மறுபடியும் சேர்த்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் பத்து வயதில் வாங்கிய புள்ளி யாருக்கு வேண்டும் என்று கேட்கிறாள். எனக்கு வேண்டியிருக்கிறது, என்ன செய்வது?

இது பரம்பரை வியாதி. சிவில் சேவைக்கு நான் ஆயத்தமாக வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டில்கூட என் தகப்பனார் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சேவையோ 1963 மே 1-ஆம் திகதியே ஒழிக்கப்பட்டுவிட்டது. பேராதனையை உருவாக்கிய ஐவர் ஜெனிங்ஸ் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கும் வதிவிடப் பல்கலைக்கழகமாக அதனை அமைக்க விரும்பியதற்கு எத்தனையோ உயர்ந்த காரணங்களைச் சொல்வார்கள். எங்களைப் போன்ற தகப்பன்மாரை மகாவலிக்கு அக்கரையில் நிறுத்திவைப்பதும் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1952-இலேயே மாணவர் குடியேறிவிட்ட அப்பல்கலைக்கழகத்தை 1954 ஏப்பிரல் 20-இல் சம்பிரதாயப்படி திறக்க வந்த எடின்பரோ கோமகன், வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருப்பதாக அதனைப் பிரகடனம் செய்தாராம். திறந்தே கிடக்கும் கதவைத் தள்ளித் திறக்கும் அந்தப் பணியைத்தான் நாங்களும் செய்து வருகிறோம், ராஜ மரியாதைதான் கிடைப்பதில்லை.

ஏனெனில் என் மகள், யாரையும் பிடிக்காமல், ஒரு மின்னஞ்சல் எழுதி, பயிற்சிக்கு இடம் பெற்றுக்கொண்டாள். அதையும் அவள் தாயார் சொல்லித்தான் நான் அறிந்தேன். “அப்பா, இனி நீங்க யாரையும் பார்க்கப் போகாம இருந்தா அதுவே போதும்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சுட்டது. வேலையற்ற பட்டதாரிகள் பதாகை பிடித்து வெயிலில் நிற்பதை ஒவ்வோர் ஆட்சியிலும் பார்த்துப் பார்த்து நரைத்த ஒருவனை, மின்னஞ்சலை நம்பிக் கைகட்டி உட்கார்ந்திரு என்றால் எப்படி உட்காருவான்? கழுத்துப் பட்டி இளைஞருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

நிற்க, அந்த மூன்றாவது யோசனை. அதனை எழுதப் பேனாவை எடுத்த வேளையில் தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் கட்டுகஸ்தோட்டைப் பெரியவரின் மைத்துனர். கொழும்பில் ஓர் அமைச்சில் செல்வாக்கோடு இருக்கிறார் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த அதே மைத்துனர். நான் எழுந்து நின்றே பேசினேன். அவர் ஓய்வுபெற்று ஏழு வருஷமாகிறதாம். மகன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறானாம். கண்டிப் பக்கத்தில் எனக்கு நிறைய ஆட்களைத் தெரியும் என்று அத்தான் சொன்னாராம்.

“சீ.வீ. ஒன்னு கொண்டு வாங்க, பார்ப்போம்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வெறுங்கையோடு வர மாட்டார் என்று நினைக்கிறேன்.