டிராகுலா வந்த வழியில் கிள்ளான்

பேய் நாவல் தொடர் முடிந்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த மாதம் அவற்றுக்கு மட்டும் பதில்.

கிள்ளான், கல்லூரி மாணவர்: அக்கா, கோதிக் நாவல் என்றாலே பனி, கோட்டை, ஓநாய். கிள்ளானில் இருப்பது வெயில், லாரி, வாழை இலைச் சாப்பாடு. இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த மாதிரி எப்படி எழுத வரும்?

தம்பி, அவர்களே நம் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள். இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1879-இல் மலாயாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். உங்கள் கிள்ளானிலும் தங்கினார். ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். அந்தப் பயணம் 1883-இல் 'தி கோல்டன் கெர்சொனீஸ்' என்ற புத்தகமாக வந்தது. மலாய் மக்கள் அஞ்சிய ரத்தம் குடிக்கும் ஆவிகளைப் பற்றிய பேச்சும் அதில் உண்டு. பிறகு பிராம் ஸ்டோக்கர் டிராகுலாவுக்காகக் குறிப்பெடுத்தபோது, தான் பார்த்த நூல்களைப் பட்டியலிட்டார். கார்பேத்திய மலைப் பயண நூல்களோடு பேர்டின் நூலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தாள்கள் இன்று பிலடெல்பியாவின் ரோசன்பாக் நூலகத்தில் இருக்கின்றன. டிராகுலா வெளிவந்தது 1897-இல். கவுண்ட் டிராகுலாவின் ரத்தத்தில் நம் ஊர்ச் சொட்டு எத்தனை என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அவனைப் படைத்தவரின் மேசைக்குக் கிள்ளான் போயிருக்கிறது. அது எனக்குப் போதும்.

இன்னொன்றும் கேளுங்கள். சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. அதன் தூசு வானத்தை மறைத்ததில் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடை வரவே இல்லை. ஓயாத மழைக்குப் பயந்து ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைந்து கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார்கள். 18 வயது மேரி அங்கேதான் பிராங்கன்ஸ்டைனைத் தொடங்கினார். எரிமலை நம் பக்கத்துத் தீவில், கதை அவர்கள் வீட்டில்!

பெட்டாலிங் ஜெயா, வாசகி: பேய்க்கதைக்கும் கோதிக்குக்கும் என்ன வித்தியாசம்?

பேய்க்கதையில் வீட்டுக்குள் பேய் நுழையும். கோதிக்கில் வீட்டைக் கட்டியவர்கள் செய்த பாவம் சுவரிலிருந்து கசியும். 1764-இல் ஹொரேஸ் வால்போல் 'ஒட்ராண்டோ கோட்டை'யை எழுதி இதைத் தொடங்கிவைத்தார்.

ஷா ஆலாம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: நம்மவர்களுக்குக் கோட்டை ஏது? லயத்து வீடுதானே இருந்தது!

கோட்டையும் இருக்கிறது ஐயா. பத்து காஜாவில் கெல்லி கோட்டையைப் போய்ப் பாருங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து கட்டினார். நடுவே ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து பலரைக் கொண்டுபோயிற்று. தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் அவர் கட்டித் தந்த மாரியம்மன் கோயிலின் மேலே, சாமிகளோடு அவர் உருவமும் நிற்கிறது. 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, கோட்டை பாதியில் நின்றது. சுற்றுலா வருகிறவர்கள் மாடியில் துரையின் ஆவியைத் தேடுகிறார்கள். நான் போனால் செங்கல்லைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அதைச் சுமந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கதை வேறு. இங்கே தோட்டமே மறைந்துவிட்டது. சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்ட் தோட்டம். லயம் போய், ஆயாக்கொட்டகை போய், கித்தா மரமும் போனபின், அடுக்குமாடிகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஒரு முனியாண்டி மட்டும் அரிவாளோடு நிற்பதை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறோம்! காவல் காக்க ஊர் இல்லாத காவல் தெய்வம். அதைவிடக் கனத்த கோதிக் காட்சி எந்தக் கோட்டையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸ், வாசகர்: நேரடியாகவே கேட்கிறேன். பேயைப் பார்த்திருக்கிறீர்களா?

இல்லை. பார்த்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

காப்பார், வாசகி: அக்கா, உங்கள் கதைகளுக்கு ஊற்று எது? பாட்டி சொன்ன கதைகளா?

பாட்டி சொல்லாமல் விட்ட கதை.

அவர் காப்பார் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் விடியுமுன் பெரட்டு முடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குப் போய்விடுவார்கள். ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். அந்த இருட்டில் ஒவ்வொருவரும் தனி. ஒரு சமூகமே தலைமுறை தலைமுறையாக இருட்டில், ஒரே மாதிரி நிற்கும் மரங்களுக்கு நடுவில் வேலை செய்திருக்கிறது. பேய்க்கதை பிறக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பாட்டியைக் கேட்டால், "பேயாவது ஒன்னாவது, பாம்புக்குத்தான் பயம்" என்பார்.

அவருடைய அண்ணனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். திரும்பியவர்கள் குறைவு. அண்ணன் திரும்பவில்லை, இறந்தார் என்ற சேதியும் வரவில்லை. சேதி வராதவருக்குக் கருமாதி செய்யலாமா கூடாதா? வீட்டில் அது முடிவாகவே இல்லை. கருமாதி செய்யாததால் படையலில் அவருக்கு இலை விழவில்லை. கடைசிவரை பாட்டி இரவில் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்ததில்லை, ஒரு கைப்பிடி மிச்சம் வைப்பார். ஏன் என்று கேட்டால் "நாய்க்கு" என்பார். எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

என் முதல் நாவல் அந்தக் கைப்பிடிச் சோறுதான்.

பந்திங், வாசகர்: நீங்கள் விரும்பிப் படிக்கும் எழுத்தாளர்கள்?

புதுமைப்பித்தனில் தொடங்குகிறேன். 'காஞ்சனை'யை ஆண்டுக்கு ஒரு முறை படிப்பேன், பகலில்! வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், ராத்திரியில் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை. அவ்வளவையும் ஒரு சாதாரணக் குடும்ப வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நடுங்கவைத்துவிட்டார். பிராங்கன்ஸ்டைனை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

நம் நாட்டில், ஆங்கிலத்தில் எழுதும் பிரீத்தா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் த ஹோல் டே' (2008) எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். ஈப்போவில் வசதியான தமிழ்க் குடும்பத்தின் பெரிய வீடு. பேய்களைப் பார்க்கும் ஆறு வயதுச் சிறுமி. பழி சுமத்தித் துரத்தப்படும் செல்லம் என்ற வேலைக்காரப் பெண். ஆவிகளைவிட அந்தக் குடும்பத்தின் கௌரவம்தான் என்னைப் பயமுறுத்தியது. தலைப்பு குறுந்தொகைப் பாட்டிலிருந்து வந்தது. பிரிந்தவர்களுக்குப் பொழுதெல்லாம் மாலை என்ற சங்கத் துயரத்தை ஒரு மலேசியப் பங்களாவில் குடியேற்றியவருக்கு என் வணக்கம்.

கே.எஸ். மணியத்தின் புலிக் கதைகளையும் விடாதீர்கள். இந்த மண்ணுக்குச் சொந்தமாகத் தவிப்பவனுக்குப் புலி எதற்கு வேண்டியிருக்கிறது என்று அவரைப் போல யாரும் யோசித்ததில்லை. உங்கள் லங்காட் கரையை எழுதிய அ. ரெங்கசாமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய 'நினைவுச்சின்ன'மும் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயி'லும் பேய் நாவல்கள் அல்ல. பாட்டியின் அண்ணனை நான் அவற்றில்தான் தேடினேன்.

செந்தூல், வாசகி: மலாய்க்காரர்களின் பொந்தியானாக், நம்முடைய மோகினி. யார் பலசாலி?

போட்டி வைக்க வேண்டுமானால் பொந்தியானாக்குக்கு எதிரே பெரியாச்சியை நிறுத்துங்கள். பொந்தியானாக் பிரசவத்தில் இறந்தவள். கெம்போஜாப் பூ மணத்தோடு வருவாள், கழுத்தின் பின்புறம் ஆணி அடித்தால் அடங்குவாள். நம் பெரியாச்சி பிரசவத்தைக் காப்பவள். மடியில் ஒருத்தி குடல் சரிந்து கிடக்க, காலடியில் ஒரு ராஜா மிதிபட, பிறந்த குழந்தை மண்ணைத் தொடாமல் உயரத் தூக்கிப் பிடித்திருப்பாள். அந்தச் சிலைக்கு முன்னால்தான் முப்பதாம் நாள் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துக் கும்பிடுகிறோம். கம்பத்திலும் லயத்திலும் பெண்கள் பயந்தது ஒரே ராத்திரிக்கு, பிள்ளை பெறும் ராத்திரிக்கு. அங்கே அந்தப் பயம் பேயாயிற்று, இங்கே தெய்வமாயிற்று.

1957-இல் கேத்தே கெரிஸ் எடுத்த 'பொந்தியானாக்' படத்தின் இயக்குநர் பி.என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். மரியா மெனாடோ நடித்தார். அதன் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் அந்தப் படம் இன்னும் உலவுகிறது.

செராஸ், வாசகர்: கோலாலம்பூர் நகருக்குள்ளேயே எழுதத் தகுந்த சம்பவம் உண்டா?

1911 ஏப்ரலில் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் தலைமையாசிரியர் பங்களாவின் தாழ்வாரத்தில் எத்தல் பிரவுட்லாக் என்ற பெண் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டது, சிலாங்கூர் சுல்தான் மன்னித்தார். சாமர்செட் மாம் அதைக் கொண்டு 'தி லெட்டர்' எழுதிவிட்டார். இறந்தவரை அங்கே இழுத்து வந்து, வெளியே காத்திருந்த ரிக்‌ஷாக்காரரை மட்டும் யாரும் எழுதவில்லை. அவர் எனக்கு வேண்டும்.

பூச்சோங், வாசகர்: ம. நவீனின் 'பேய்ச்சி' தடை செய்யப்பட்டதே, உங்களுக்குப் பயம் இல்லையா?

2019-இல் வந்த நாவல். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை விதித்தது. லூனாஸில் விஷச் சாராயம் குடித்து மாண்டவர்களின் நினைவு அந்த நாவலின் அடியில் ஓடுகிறது. அந்தச் சாவுகளை இலக்கியத்துக்குள் கொண்டுவந்த ஒரு புத்தகத்தைக் கடையில் கேட்டு வாங்க முடியாதது எனக்கு வலிக்கிறது. பயம் இருக்கிறது. அதோடுதான் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ், இல்லத்தரசி: வீட்டு வேலைக்கு நடுவில் எப்போது எழுதுவீர்கள்? ராத்திரியிலா?

விடியற்காலை ஐந்து மணிக்கு, பாட்டியின் பெரட்டு நேரத்தில். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரர்கள் கூடையை இறக்கும் சத்தம் கேட்கும். மோனோரயில் ஓடத் தொடங்கிவிட்டால் பேய்கள் கலைந்துவிடும், நானும் பசியாற எழுந்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். எழுதியதை வாய்விட்டுப் படிப்பேன். 'பயங்கரம்', 'அமானுஷ்யம்', 'திடுக்கிட்டான்' ஆகிய மூன்றையும் பார்த்த இடத்தில் வெட்டுவேன். வெட்டியபின் வாக்கியத்தில் குளிர் மிஞ்சியிருந்தால் அந்தப் பக்கம் பிழைத்தது.

கிள்ளான், படிவம் நான்கு மாணவி: அக்கா, எனக்கும் பேய்க்கதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

உங்கள் வீட்டில் யார் பெயரை எடுத்தால் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்களோ, அங்கே. தாத்தா பாட்டி இருக்கிறார்களா? தெங்கு கிளானா சாலைக்கு அழைத்துப் போய் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், பக்கத்து வீட்டில் யார், காணாமல் போனது யார் என்று கேளுங்கள். பெயர்களைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். பேய் வருமா வராதா என்று இப்போதே கவலைப்பட வேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பென்சிலில் எழுதியிருந்தாலும் படிப்பேன்.