ஏரி நடுவுல பிளக் பாயின்ட் இல்ல மாப்ளே

வாய்யா மாப்ளே, வா. பழவேற்காடு ஏரிக்கே கரண்டு மோட்டார் கொண்டாந்துட்டியாமே! புகை கிடையாது, சத்தம் கிடையாது, பக்கத்துல போனாக்கூட பூநாரை தலை தூக்காதுன்னு காலைல டீக்கடையில நீ அளந்தத ஊரே கேட்டுச்சு. சாயங்காலம் உன் படகைக் கயிறு கட்டி இழுத்தாந்ததையும் ஊரே பாத்துச்சு. சத்தமில்லாமதான் வந்த, அதையும் ஒத்துக்கணும்.

மோட்டார் மேல குத்தம் சொல்லாத. நல்ல சாமான். 12 வோல்ட்டுல ஓடுற அந்த 55 பவுண்டு உந்துவிசை டிரோலிங் மோட்டார், முழுசாத் திருகிவிட்டா 50 ஆம்பியர் இழுக்கும். உன்கிட்ட இருக்கிறது 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) ஆசிட் பேட்டரி. நூறுன்னு எழுதியிருக்கேன்னு நூறையும் உறிஞ்சினா அது சீக்கிரம் செத்துப்போவும். பாதிதான் உன் பங்கு. அப்ப முழு வேகத்துல ஒரு மணி நேரங்கூடத் தாங்காது. நீ யாரோட பந்தயம் விட்ட? மீனு ஊரைக் காலி பண்ணிட்டா போவுது?

திருகைப் பாதிக்கு இறக்கிப் பாரு. படகு பாதி வேகத்துக்கு வந்தா, தேவைப்படுற சக்தி பாதி இல்ல, எட்டுல ஒரு பங்கு பக்கமா இறங்கிடும். உன் காலேஜுல இதைச் சொல்லித் தரலியா? கழி போட்டவனைக் கேளு, அவன் தோளு சொல்லும்.

அடுத்தது உன் சோலார். 100 வாட் பேனலு உச்சி வெயில்ல 5, 6 ஆம்பியர் குடுத்தா பெருசு. 50 போற எடத்துல 5 வருது! பந்தி நடக்குற வீட்டுல ஒரு ஆழாக்கு அரிசியை ஊற வச்ச கணக்கு. அதுலயும் ஈரத்துண்டைக் கொண்டுபோயி அந்த பேனல் ஓரத்துலயே விரிச்சுப் போட்டிருக்க. மூலையில நிழல் விழுந்தாலே மொத்த பேனலும் படுத்துடும்யா. துண்டாவது காஞ்சுதா?

அதுக்காகப் பேனலைத் தூக்கிக் கடாசிடாத. நங்கூரம் போட்டு, தூண்டிலும் கையுமா பாதி நாள் உக்காந்திருந்தியானா 20, 25 ஏஹெச் திரும்பி வரும். சார்ஜ் கன்ட்ரோலர் வச்சு மாட்டு. நீ சும்மா உக்காந்திருக்கிறதுல வருமானம் வர்றது இந்த ஒரு தொழில்லதான்.

ஒரு பெட்ரோல் இன்ஜினும் மாட்டி, அதுலேர்ந்து வயர் இழுத்து ஏத்தலாம்னு உன் கூட்டாளி யோசனை சொன்னானாமே. சின்ன அவுட்போர்டு இன்ஜின் குடுக்கிறதே கொஞ்சம், அதுவும் வேகமா ஓடுனாத்தான். நின்ன எடத்துல உறுமவிட்டா பெட்ரோல்தான் தீரும். லித்தியம் பேட்டரி வாங்கப்போறேன்னு கேள்விப்பட்டேன். வாங்கு. 30 கிலோ தூக்குற எடத்துல 12, 13 கிலோதான், இடுப்பு பொழைக்கும். ஆனா அதை நேரா இன்ஜின்ல கோத்துடாத. கெடைக்கிற கரண்டையெல்லாம் இழுத்து இன்ஜின் சுருளைக் கருக்கிடும். நடுவுல டிசி-டிசி சார்ஜர் ஒண்ணு இருக்கணும். கார் பேட்டரி சும்மா கெடக்குதேன்னு அதையும் தூக்கியாந்துடாத. அது வண்டியை உசுப்பிவிடப் பொறந்தது, அடிமட்டம் வரைக்கும் இறக்கினா தாங்காது.

உன் பேட்டரி மூடியைத் தெறந்து பாத்தேன். உள்ள தட்டெல்லாம் தண்ணிக்கு மேல தலை நீட்டிக்கிட்டு நிக்குது. டெர்மினல்ல பச்சை பூத்துக் கெடக்கு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்து. சுத்தித் தண்ணியாத்தானே இருக்குன்னு ஏரியில மொண்டு ஊத்திடாத மவராசா, உப்புத்தண்ணி ஆசிட்டோட சேந்தா விஷ வாயு கெளம்பும். சார்ஜ் ஏறுறப்ப பக்கத்துல பீடியும் கூடாது. ஹைட்ரஜன் வரும், மீசைக்கு நல்லதில்ல.

ஐநூறு ரூவாய்க்கு ஒரு மீட்டர் வாங்கி வச்சுக்க. மோட்டாரை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டுப் பாரு. 12.7 காட்டினா வயிறு நெறஞ்சிருக்கு. 12.2-ன்னா பாதி போச்சு, அதுக்கு முன்னாடியே படகைத் திருப்பு. கரைக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே சார்ஜர்ல போடு. காலியாவே கெடந்தா தட்டுல சல்ஃபேட் படிஞ்சுபோவும், அப்புறம் எவ்வளவு ஏத்தினாலும் நிக்காது. தண்ணியில ஏத்துறதெல்லாம் கைச்செலவுக்குத்தான்.

படகுல ஒரு கழியும் போட்டுக்க. இந்த ஏரி முக்காவாசி எடத்துல இடுப்பளவு தண்ணிதான், கழிக்கு சார்ஜ் ஏத்த வேண்டியதில்ல.