ஊசுட்டேரிக் கரையில் அச்சுப்பிசாசின் வலசை: ஒரு முதற்கட்ட ஆய்வு

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் எண்ணிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தில் அச்சுப்பிழை இல்லை. அவர் காலத்தில் டிடிபி சென்டர் கிடையாது என்பதால் விட்டுவிடலாம். ஆனால் 'சென்று தேய்ந்து இறுதல்' என்றொரு குற்றத்தைச் சேர்த்திருக்கிறாரே, அதைப் பார்த்தால் தமிழ்ச் சிற்றிதழ்களின் ஜாதகத்தை அவர் முன்கூட்டியே கணித்துவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 119 இதழ்கள் வந்தது. இந்தக் குலத்தில் அது சதாபிஷேகத்துக்கு ஒப்பானது. இந்த ஆய்வுக்குத் தரவாக அமைந்த எங்கள் இதழ் மூன்றோடு தேய்ந்து இற்றது.

மூலக்குளத்தில் நாங்கள் நான்கு பேர். ஞாயிறு விடிந்ததும் ஊசுட்டேரிக்குப் போய்ப் பறவை பார்ப்பது பழக்கம். புதுச்சேரி அரசு 2008இல் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. நாமக்கோழி, பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை என்று பார்த்ததையெல்லாம் நாலு பேருக்குச் சொல்ல ஓர் இதழ் வேண்டும் என்று தோன்றியது. இருபத்து நான்கு பக்கம், நடுவில் இரண்டு பின், கடைசிப் பக்கத்தில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. (பொதுச்சுற்றுக்கு யாரும் கேட்கவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை இது.) மெய்ப்பு பார்க்கும் பொறுப்பை நால்வரும் ஏற்றோம். அதாவது, மற்ற மூவரும் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினோம்.

முதல் இதழில் சேகரமான மாதிரிகள் வருமாறு. 'அழகு நீண்ட பறவை' என்று வந்தது அலகு. 'கூட்டில் நான்கு மூட்டைகள் இருந்தன' என்ற வரிக்கு விளக்கம் தேவையில்லை. தலையங்கத்தில் பறவைகள் எல்லாம் பரவைகள் ஆகியிருந்தன. பரவை என்றால் கடல் என்பதால், ஏரிக்குள் ஏழெட்டுக் கடல்கள் இறங்கி மீன் பிடித்ததாக ஆயிற்று. முகவரியில் ஊரே 'மூலக்குலம்' என்று மாறிப் புராணப் பெருமை பெற்றது. எல்லாவற்றுக்கும் சிகரமாக ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: 'கொக்கு ஒற்றைக் காலில் நின்று இறை தேடும்.'

இந்த மாதிரிகளில் மூட்டையைக் கழித்துவிட்டால் மற்றவை எல்லாம் ர-ற, ல-ள-ழ மயக்கங்கள். மூட்டை உட்பட எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பண்பு உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளைத் தருகிறது. உளறலாக வரும் பிழையைக் கண் பிடித்துவிடும். வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் உட்காரும் பிழையை எந்தக் கணினியும் எழுப்பாது. அச்சுப்பிசாசு என்று நம் முன்னோர் இதற்குப் பெயர் வைத்தது தற்செயல் அல்ல. பிசாசு என்றைக்கும் தெரிந்தவர் முகத்தோடுதான் வரும்.

குற்றவாளி யார்? விரல் என்றுதான் முதலில் ஐயுற்றோம். தமிழ்த் தட்டச்சுப் பள்ளியில் 'ய ள ன க' அடித்துப் பழகியவர்களுக்கு இந்த வழக்கின் முக்கியத் தடயம் கையிலேயே இருக்கிறது. அந்தப் பலகையில் ற இடக்கைக்கு உரியது, ர வலக்கைக்கு உரியது. ள இடப்பக்கம், ல, ழ இரண்டும் வலப்பக்கம். இடக்கை விரல் வழுக்கி வலக்கைக்குப் போக முடியாது. எனவே அலகு அழகானதைத் தவிர மற்ற மயக்கங்களில் விரல் நிரபராதி. காதில் ஒன்றாகக் கேட்டதை மனம் ஒன்றாக எழுதிவிட்டது. ஈய எழுத்துக் காலத்தில் நிலைமை வேறு. அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போடும்போது ர அறைக்குள் ஒரு ற விழுந்துவிட்டால், அடுத்த புத்தகத்தில் அது தானாக முளைக்கும். 1908இல் பாரதியின் 'இந்தியா' சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்ததே, அதுவும் அப்படிக் கையால் எழுத்துக் கோத்த தாள்தான்.

பிழை செய்ய விரும்புபவர்களுக்குப் புதுச்சேரி ஏற்ற ஊர் அல்ல. நல்ல தமிழுக்காகவே 'தெளிதமிழ்' என்று ஓர் இதழை முனைவர் இரா. திருமுருகன் நடத்திய ஊர் இது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைப் பல்லவர் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். அந்த ஏட்டில் ஓர் எழுத்து தவறினால் ஓர் ஊர் போய்விடும். எங்களுக்குப் போனது சந்தா மட்டுமே.

இரண்டாம் இதழுக்கு முறைகளை மாற்றினோம். ஒருவர் கையெழுத்துப் படியை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்ப்பது பழைய ஒப்புநோக்கு முறை. ஆனால் படிப்பவர் ளகரத்தையும் ழகரத்தையும் ஒன்றாக ஒலித்தால் இதனால் பயனில்லை. எங்களிடம் இருந்தது அத்தகைய நாக்குதான். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது நல்ல பலன் தந்தது. பொருள் புரியாததால் எழுத்து தெரிந்தது. எழுதியவரே திருத்தக் கூடாது என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டோம். தாளில் இருப்பதை அவர் பார்ப்பதில்லை, தான் எழுத நினைத்ததைத்தான் பார்க்கிறார். இத்தனை காவலையும் மீறி அட்டையில் 'ஊசுட்டேறி' என்று வந்தது. அட்டை எழுத்து அத்தனை பெரியது என்பதால் அதை யாரும் படிக்கவில்லை.

மூன்றாம் இதழோடு காசு தீர்ந்தது. மீந்த கட்டுகளை வில்லியனூர் சாலையில் ஒரு பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்தோம். ஆய்வின் எதிர்பாராத பகுதி அங்கேதான் நிகழ்ந்தது. எண்ணெய் இறங்கிய தாளில் எழுத்து கறுத்துத் துலங்குகிறது. நாங்கள் நால்வரும் தவறவிட்ட இரண்டு பிழைகளை நான் கண்டது வாழைக்காய் பஜ்ஜிக்கு அடியில்.

கடைக்காரர் ஏழாம் பக்கத்தை விரல் வைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சார், இந்தக் கொக்கு எந்தக் கரையில நிக்குது? ஞாயித்துக்கிழம எங்கம்மாவ கூட்டிட்டுப் போலாம்னு பாக்குறேன்."