தேய்ந்த முதுகுக்குக் காப்பீடு எடுப்பது எப்படி?

முதுகுவலி வருவதற்கு முன்பே மெடிக்கல் பாலிசி எடுத்துவிடுவது உத்தமம். அந்தப் பொன்னான வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் கீழ்க்கண்ட யோசனைகள்.

1. விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். "அதையெல்லாம் யார் சார் பார்க்கப்போறாங்க?" என்று ஏஜென்ட் 'இல்லை'யில் டிக் அடிக்கப் பார்ப்பார். பார்ப்பார்கள், பிரீமியம் வாங்கும்போது அல்ல, கிளெய்ம் போடும்போது. நீங்களே மறந்துபோன பிசியோதெரபி ரசீதுகூட அன்றைக்கு அவர்கள் கையில் இருக்கும். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு கொடுத்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

2. பதில் வரும். ஒரு கம்பெனி கையை விரிக்கும். இன்னொன்று 'லோடிங்' என்று பிரீமியத்தை ஏற்றும். மனம் தளராமல் அடுத்த கம்பெனியின் கதவைத் தட்டுங்கள்.

3. பாலிசி கிடைத்ததும் முதுகெலும்பிடம் பக்குவமாகப் பேசுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது. 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 36 ஆக்கியது. அதுவரை நரம்பு அழுந்தக் கூடாது, கால் மரத்துப்போகக் கூடாது. லாரி மோதி முதுகு உடைந்தால் முதல் நாளே பணம் உண்டு. தானாகத் தேய்ந்தால்தான் பொறுமை வேண்டும்.

4. ரெனிவல் தேதியைக் கல்யாண நாளைவிட நன்றாக நினைவில் வையுங்கள். கம்பெனி பிடிக்காவிட்டால் பாலிசியை வேறு கம்பெனிக்கு 'போர்ட்' செய்யலாம். பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும், காத்திருந்த மாதங்களும் கூடவே வரும்.

5. "எத்தனை நாளா வலி?" என்று டாக்டர் கேட்டால், "அது கெடக்கு சார், பத்துப் பதினஞ்சு வருஷமா" என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்தப் பெருமூச்சு அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். வலி தொடங்கிய மாதத்தையும் வருடத்தையும் உள்ளபடி சொல்லுங்கள்.

6. விடாமல் 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானாலொழிய, 'மறைத்துவிட்டார்' என்று கிளெய்மைத் தள்ள முடியாது. அதற்கு முன்பே தள்ளினால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் கிடையாது.

7. இதற்குள் ஃபைல் கனத்துப்போயிருக்கும். முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல் தூக்குங்கள். 36 மாதம் இன்னும் முடியவில்லை.