இளங்காயைக் கிள்ளாத தாயி

வா தாயி, உக்காரு. காலேஜு டீம்ல சாப்ட்பால் வீசிக் கப்பு வாங்குன கை, இப்ப விசிலைப் பிடிச்சிருச்சாமே. கோச்சு! உங்கம்மா தெருப் பூராச் சொல்லிட்டா. சொன்ன சூட்டோட, "இந்த வேலை எப்ப மாமா நிரந்தரமாகும்?"னு என்கிட்ட கேக்குறா. நான் என்ன கலெக்டரா?

உன் ஆட்டம் இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காத. பந்து சுத்தளவு 12 அங்குலம். வீசுற எடத்துக்கும் அடிக்கிற எடத்துக்கும் 43 அடி, ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 60 அடி. மேல எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்குத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பேன்னு சொன்னியாம். போடிமெட்டு போற வழியில 60 அடி சமதரையக் காட்டு, நான் மொட்டை போட்டுக்கிறேன். (இருக்கிறது நாலு முடி, தைரியமாச் சொல்லலாம்.) அங்க ஒருத்தி ஓங்கி அடிச்சா பந்து கொட்டகுடி ஆத்துலதான் நிக்கும். எடுத்துட்டு வாரதுக்குள்ள ஏழு இன்னிங்ஸும் முடிஞ்சிரும். பேசாமக் கீழ ஒரு பள்ளிக்கூட மைதானத்தப் பிடி. அப்படியே கணக்கு வாத்தியாரையும் சிநேகம் பிடிச்சு வையி. பி.டி. பீரியடைக் கடன் வாங்குற ஆளு அவருதான். திருப்பிக் குடுத்ததாச் சரித்திரம் இல்ல.

நல்லா ஆடுனவளுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்குச் சட்டுனு வந்தது அடுத்த பிள்ளைக்கு வரலேன்னா, "இப்படிச் சுத்துடி, இம்புட்டுத்தான்"னு கத்துவா. எப்படிச் சுத்துறதுன்னு உன் கைக்குத் தெரியும் தாயி, உன் வாய்க்குத் தெரியுமா? அதைச் சொல்லிக் குடுக்கத்தான் 1961லருந்து பாட்டியாலாவுல தேசிய விளையாட்டு நிறுவனம் நடக்குது. போயிட்டு வா. சப்பாத்தி தின்னா ஒண்ணும் ஆயிராது.

ஏலத்தோட்டத்துல காய் எடுத்த உங்க அப்பத்தாவக் கேளு. பழத்தையும் முத்துன கரிங்காயையும் எடுப்பா, இளங்காயத் தொடமாட்டா. தொட்டா ஸ்டோர்ல காயுறப்பச் சுருங்கிப் போகும், எடை நிக்காது. கிள்ளுனவளுக்கு அன்னைக்குக் கூடை நெறையும், அம்புட்டுத்தான். உன் வேலையும் அப்படித்தான். நாளைக்கு ஆண்டு விழாவுக்குக் கப்பு வேணும்னு ஹெட்மாஸ்டர் வந்து நிப்பாரு. நீயும் பன்னெண்டு வயசுப் பிள்ளைய நாள் பூரா வீச விடுவ. கீழ்க்கை வீச்சுதான, தோளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு பேச்சு ஊர்ல உலாத்துது. கையை முழு வட்டமாச் சுத்தி எறிஞ்சிட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தைலம் கேட்டு என் கதவத் தட்டுனது ஆரு? அந்தப் பிள்ளைக வந்து உன் கதவத்தான் தட்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன் தெரியுமில்ல? 2006ல தோகா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்குச்சு. பாலினச் சோதனைன்னு சொல்லி அதைப் பறிச்சுட்டாங்க. அந்தப் பிள்ளை ஊர்ப் பிள்ளைகளச் சேத்து ஓட்டம் சொல்லிக் குடுத்துச்சு. காசில்லாமச் செங்கச்சூளை வேலைக்கும் போச்சு. பெறகு கோச்சுப் படிப்பு படிச்சு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துல கோச்சாச்சு. உனக்கு என்ன பறிபோச்சு? ரெண்டு மாசச் சம்பளம் தள்ளி வந்தா மூஞ்சியத் தூக்குவ. தூக்கு, சாந்தி பேரச் சொல்லிச் சொல்லியே உன்னைய வதைக்கிறேன்.

உங்க ஆட்டத்துல ஒரு சட்டம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீசுறவ கையை விட்டுப் பந்து கெளம்புற வரைக்கும் ஓடுறவ பேஸ விட்டுக் காலை எடுக்கக் கூடாது. அதை உங்கம்மாவுக்கும் சொல்லிக் குடு. நீ இன்னும் மைதானத்துல காலே வைக்கல, தேவாரத்து மாப்பிள்ளை வீட்டை ஞாயித்துக்கெழமை வரச் சொல்லிட்டா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத, எனக்கு மத்தியானச் சோறு உங்க வீட்டுலதான்.