பின்பாரம்

முதல் நாள் இரவு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது ஹெட்லைட் வெளிச்சம் தெருவில் விழவில்லை. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் விழுந்தது. திரை விலகி ஒரு முகம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று இறங்கிப் பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் இருந்தது. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. தும்மப் போகிறவன் மாதிரி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

வண்டி என்பது ஒரு பிக்கப். அதன் முதுகில் இருந்தது ஒரு வீடு. அமெரிக்காவில் இப்படி ஒன்று உண்டு. பிக்கப்பின் பின்னால் உள்ள திறந்த தொட்டிக்குள் அப்படியே நுழைத்து உட்காரவைக்கும் கேம்பர். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. நான்கு மூலையிலும் நான்கு ஜாக்கிக் கால்கள். காலை நீட்டி வீட்டை நிற்கவைத்துவிட்டு, வண்டியை ரிவர்ஸில் அதன் அடியில் செலுத்தி, காலை மடக்கினால் வீடு வண்டிமேல் ஏறிக்கொள்ளும். இரண்டு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம்தான் இடைவெளி இருக்கும். இந்தச் சடங்கின்போது குடும்பத்தில் யார் யாரை என்ன சொன்னோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

டென்வர் பக்கம் குடியிருக்கிறோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ராக்கி மலை. பன்னிரண்டு வருடமாக அதை ஜன்னல் வழியாகவே பார்த்து வந்தோம். கூடாரத்தில் படுக்க வீட்டம்மாவுக்குக் கரடி பயம். மோட்டலில் தங்க எனக்குச் செலவு பயம். இரண்டுக்கும் மருந்தாக, பழைய கேம்பர் ஒன்று விலைக்கு வந்தது.

வாங்குமுன் நான் கணக்குப் போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து இந்த எடையைத் தாண்டவே கூடாது என்று அதில் போட்டிருக்கும். என் வண்டிக்கு 2,476 பவுண்டு, அதாவது 1,123 கிலோ. கேம்பரின் எடை 2,350 பவுண்டு என்று அதன் விளம்பரத் தாளில் இருந்தது. மிச்சம் 126 பவுண்டு. அந்த மிச்சத்தைத் தலைக்கு வைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த 2,350 'உலர் எடை' என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் இல்லாமல், கேஸ் இல்லாமல், பாட்டரி இல்லாமல், கூரைமேல் ஏசி இல்லாமல் போட்ட எடை. பத்திரிகை அடித்த செலவை மட்டும் வைத்துக் கல்யாண பட்ஜெட் போட்டது மாதிரி. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 30 கேலன் தொட்டியை நிரப்பினால் 250 பவுண்டு. ஒரு பருத்த மனிதர் ஏறிப் படுத்துக்கொண்ட கணக்கு. ஆட்கள் கணக்கும் இப்படித்தான். அமெரிக்க விதிமுறையில் ஒரு ஆள் என்றால் 68 கிலோ. அந்த ஆளை எங்கள் வீட்டில் 2009-க்குப் பிறகு பார்த்ததில்லை.

வண்டிக்கு 'முக்கால் டன்' என்று பெயர் வேறு. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று ஒரு காலத்தில் சுமக்கும் எடையை வைத்துச் சொன்ன பெயர்கள் இன்று வெறும் பட்டப்பெயர்கள். ஊரில் மிராசுதார் என்று கூப்பிடப்படுகிறவருக்கு நிலம் இருந்தே ஆகவேண்டுமா என்ன?

இந்த இடத்தில் ஒரு விவேகி கேம்பரை விற்றிருப்பான். நான் வண்டியைப் பலப்படுத்தக் கிளம்பினேன்.

முதலில் காற்றுப்பை. சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவே, ஸ்பிரிங் பட்டைகளுக்குத் துணையாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் பைகள். டயருக்கு அடிப்பதுபோல் காற்றடித்தால் பின்பக்கம் எழும். டப்பாமேல் 5,000 பவுண்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. 2,476-உடன் 5,000-த்தைக் கூட்டினேன். 7,476! ஒரு யானைக்குட்டியையும் கூட்டிப்போகலாம் என்று வீட்டில் அறிவித்தேன். வீட்டம்மா டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். "வண்டி தயாரித்தவர் சொன்ன எடையைத் தாண்டக்கூடாதுன்னு போட்டிருக்கே?" அதெல்லாம் வக்கீல்களுக்காகப் போடுவது என்றேன்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து நானே மாட்டினேன். வேலை முடிந்தபோது ஒரு தகடு மிச்சமாக இருந்தது. சாமான் மிச்சமாவது கைத்திறமைக்கு அடையாளம் என்று அதை ஷெட்டில் பத்திரப்படுத்தினேன். புகைக்குழாயின் சூடு காற்றுக் குழலில் படாமல் தடுப்பதற்கான தகடு அது என்பது, நான்காம் நாள் நெடுஞ்சாலையில் குழல் உருகி, வலதுபக்கப் பை காற்றுப்போய், வீடு ஒருக்களித்துப் படுக்கப் பார்த்தபோது விளங்கியது.

குழலை மாற்றி, தகட்டையும் மாட்டி, இனி தாழாது என்று காற்றைத் தாராளமாக அடித்தேன். வண்டி மட்டமாக நின்றது. ஆனால் ஆடியது. லாரி ஒன்று கடந்து போனால் அது போன திசைக்கு ஒரு சலாம், வந்த திசைக்கு ஒரு சலாம். காரணம் எளிது. ஸ்பிரிங் கட்டின் உச்சியில் அதிக பாரத்துக்கென்றே ஒரு தடித்த பட்டை இருக்கிறது. பாரம் ஏறி ஸ்பிரிங் தாழ்ந்தால்தான் அது முட்டில் பட்டு வேலைசெய்யும். நான் காற்றால் வண்டியைத் தூக்கி நிறுத்தியதில் அந்தப் பட்டைக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்துவிட்டேன். தலைகனத்த வீட்டை இரண்டு பலூன்கள் தாங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே அந்தப் பட்டை முன்கூட்டியே படுவதற்கு நடுவில் வைக்கும் ரப்பர் கட்டைகள் வாங்கினேன். பக்கவாட்டு ஆட்டத்துக்கு, முன்கை தடிமனில் ஒரு ஸ்வே பார். குதிப்பை அடக்க, திருகினால் இறுகும் ஷாக் அப்சார்பர்கள் நான்கு. உண்மையைச் சொல்லவேண்டும்: ஒவ்வொன்றும் வேலைசெய்தது. ஸ்வே பார் மாட்டிய அன்று வாசல் சரிவில் ஒரு சக்கரம் முன்னே ஏறியபோது வீடு தலையாட்டவில்லை. உள்ளே தட்டு உருளவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் என்னை நானே இன்ஜினியர் என்று அழைத்துக்கொண்டேன். மென்பொருள் இன்ஜினியர் என்ற முதல் பாதியை விழுங்கிவிட்டு.

அந்த ஜூன் மாதம் மாமனார் ஊரிலிருந்து வந்தார். ஊர் நாமக்கல். முப்பது வருடம் லாரி வைத்து ஓட்டியவர். விமானத்தில் வந்த களைப்புக்குக் காபிகூடக் குடிக்காமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இந்த வூட்ட இது தாங்குமுங்களா?"

"காற்றுப்பை போட்டிருக்கேன் மாமா. 5,000 பவுண்டு தாங்கும்."

"பை தாங்குமுங்க. பைக்குக் கீழ அச்சு இருக்குது. அச்சுக்கு வெளிய ரிம்மு, டயரு. பிரேக்கு வேற இருக்குது. அதுககிட்டயும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

அவர் சொந்தக் கதையைச் சொன்னார். சரக்கு கூட ஏற்றலாம் என்று தன் லாரிக்கு ஒரு முறை இரண்டு பட்டை சேர்த்துக் கட்டினாராம். "பட்டைக்கு ஒண்ணுமே ஆவலீங்க. சங்ககிரி தாண்டி ஆக்சில்தான் ரெண்டாப் போச்சு." பிறகு கேம்பரின் விலாவில் நான் இத்தனை நாளும் அலங்காரம் என்று நினைத்திருந்த ஓர் அம்புக்குறியைத் தொட்டு, அது என்ன என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பொடி எழுத்தை வீட்டம்மா படித்தாள். கேம்பரின் புவியீர்ப்பு மையம் இங்கே. இந்தக் குறி பின் அச்சுக்கு முன்னால் விழவேண்டும்.

மாமனார் சாண் போட்டு அளந்தார். குறி சக்கரத்தின் நடுமையத்துக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது. கேம்பர் எட்டடித் தொட்டிக்காகச் செய்தது. என் வண்டியின் தொட்டி ஆறே முக்கால் அடி.

"பின்பாரமுங்க," என்றார். "மாட்டு வண்டில மூட்டை அடுக்கறவனுக்குக் கூடத் தெரியும். முன்பாரம் கொஞ்சம் இருக்கோணும். பின்னால ஏறுச்சுன்னா நுகத்தடி மாட்டுக் கழுத்த வுட்டுத் தூக்கிரும். அப்பறம் மாடு எங்கிருந்து வண்டிய இழுக்கறது?"

நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் ஏன் வெண்ணெய் தடவியதுபோல் நழுவுகிறது என்று இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த விடை அது.

இருந்தாலும் கிளம்பினோம். யூட்டா மாநிலத்து மோவாப் போகும் திட்டம். ஐ-70-இல் மேற்கே ஏறினால் 11,158 அடி உயரத்தில் ஐசன்ஹவர் சுரங்கம். அதைத் தாண்டியதும் நெடுந்தூரத்துக்குச் செங்குத்தான இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரம் ஜல்லி மேடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். இதை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மலை ஏறுமுன் எடை போட்டே ஆகவேண்டும் என்று மாமனார் உட்கார்ந்துவிட்டார்.

லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் என்று எடைமேடை உண்டு. முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடைபோடும். பெரிய லாரி டிரைவரின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பொத்தான். இறங்கிப்போய் எம்பி அழுத்தினேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், கம்பெனி பெயர் கேட்டது. திகைத்து நின்றேன். "ஃபேமிலின்னு சொல்லுங்க," என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. சொன்னேன்.

சீட்டு வந்தது. முன் அச்சு 4,380. பின் அச்சு 7,340. மொத்தம் 11,720 பவுண்டு.

மாமனாருக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும். கதவைத் திறந்து ஸ்டிக்கரோடு ஒப்பிட்டார். வண்டியின் மொத்த வரம்பு 10,000. பின் அச்சின் வரம்பு 6,100. பின் டயர் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும் என்று டயரிலேயே இருந்தது. இரண்டும் சேர்த்து 7,280. ஆக டயர்களையும் 60 பவுண்டு மீறியிருந்தோம். அந்த 60 எது என்று எனக்குத் தெரியும். வெட் கிரைண்டர், 20 பவுண்டு பொன்னி அரிசி, ஐந்து லிட்டர் குக்கர், ஆவக்காய் ஜாடி.

வீட்டம்மா போனில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தாள். பை, பார், கட்டை, ஷாக் எல்லாம் சேர்த்து 1,750 டாலர். எல்லாம் ரசீது சகிதம். அவற்றின் எடை, டப்பாக்களில் போட்டிருந்தபடி, சுமார் 95 பவுண்டு.

"ஆக, 1,750 டாலர் கொடுத்து வண்டி தாங்கற எடையில 95 பவுண்டைக் குறைச்சிருக்கீங்க."

மாமனார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை அது. அங்கேயே வண்டியைத் திருப்பினோம்.

கேம்பர் இப்போது வீட்டுப் பக்கவாட்டில் தன் நான்கு காலில் நிற்கிறது. மத்தியானத்தில் மாமனார் அதன் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்து, உள்ளே போய்த் தூங்குகிறார். டென்வரில் திண்ணை வைத்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கிரைண்டரும் அங்கேதான் ஓடுகிறது. வீட்டுக்குள் சத்தம் இல்லை.

பிக்கப்பில் சனிக்கிழமை இந்தியக் கடைக்குப் போய் அரிசியும் கொத்தமல்லிக் கட்டும் வாங்கிவருகிறேன். அத்தனை இரும்பும் ரப்பரும் இறுக்கிப் பிடித்திருப்பதால் காலி வண்டி சாலைக் கீறலுக்கெல்லாம் குதிக்கிறது. முட்டை வாங்கினால் மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பாரமே இல்லாவிட்டாலும் காற்றுப்பைகளில் 5 பவுண்டு அழுத்தமாவது இருந்தே ஆகவேண்டும் என்பது விதி, இல்லாவிட்டால் ரப்பர் மடிந்து கிழியும். வலதுபக்கப் பை இன்னும் லேசாகக் கசிகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் காற்றடிக்கிறேன்.